இத்தாலி வெறும் மியூசியமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

இத்தாலிய கலாசாரத்தோட இன்றைய நிலையும் எதிர்காலமும்னு ஒரு கருத்தரங்கு ஆன்லைன்ல பார்த்தேன். மறுமலர்ச்சி, ஓபரா, சமையல்னு பழம்பெருமைதான் ஓடிச்சு. அந்த நாடே ஒரு மியூசியம் ஆயிடுச்சோன்னு தோணுச்சு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பழசைப் பேசுறதுல எனக்கு வருத்தமே இல்ல, அந்தப் பழசை யார் கையில வச்சிருக்காங்கன்னு பேசாம விட்டதுதான் வருத்தம்.

1966 நவம்பர் 4, ஃப்ளாரன்ஸ்ல ஆர்னோ ஆறு கரை ஒடச்சு ஊருக்குள்ள வந்துச்சு. சாந்தா க்ரோச்சே தேவாலயத்துல சிமாபுவேங்கிற ஓவியர் வரைஞ்ச 13-ஆம் நூற்றாண்டு சிலுவை ஓவியம் தண்ணில மூழ்கி, பெயிண்ட்ல பாதிக்கு மேல உதிர்ந்து போச்சு. அப்ப எங்கெங்கிருந்தோ காலேஜ் பசங்க கிளம்பி வந்து, தேசிய நூலகத்துல முழங்கால் சேத்துல நின்னு புத்தகங்களை ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் கைக்கு மாத்தி மேல ஏத்துனாங்க, அவங்களுக்கு சேத்து தேவதைகள்னே பேர் வந்துடுச்சு. அந்த சிலுவையை 1976 வரைக்கும் உக்காந்து சரி பண்ணாங்க. உதிர்ந்த இடத்துல புதுசா முகமோ கையோ வரையல, மெல்லிசான கலர் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமா போட்டு நிரப்புனாங்க. தள்ளி நின்னு பார்த்தா படம் சேர்ந்து தெரியும், கிட்டப்போனா எது சிமாபுவே எது வெள்ளம் தின்ன இடம்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். இழந்ததை மறைக்கவும் இல்ல, அப்படியே அனாதையா விடவும் இல்ல. என்னைக் கேட்டா இத்தாலிய கலாசாரத்தோட உச்சம்னு இதைத்தான் சொல்வேன், இது நடந்தது நம்ம காலத்துல. அந்த வேலையைச் சொல்லிக்குடுக்குற பள்ளி இன்னைக்கும் ஃப்ளாரன்ஸ்ல நடக்குது. மியூசியம்னு சொன்னீங்கல்ல, உள்ள இவ்ளோ வேலை ஓடிட்டிருக்கு.

கவலைப்பட வேண்டியது வெனிஸைப் பார்த்து. அதே நாள் அங்கயும் வெள்ளம், கடல் 194 செ.மீ. வரைக்கும் ஏறுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் பேசிப்பேசி, 500 கோடி யூரோவுக்கு மேல செலவு பண்ணி கடல்வாய்ல மோசேங்கிற வெள்ளத் தடுப்பைக் கட்டி, 2020 அக்டோபர்ல முதல் தடவையா நெஜ வெள்ளத்தை நிறுத்திட்டாங்க. கட்டடம் தப்பிச்சுது, ஆனா ஆளு? பழைய தீவு நகரத்துல 1951-ல சுமார் 1,75,000 பேர் இருந்தாங்க, இப்ப 50,000 கூட இல்ல. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்துல ஒரு மருந்துக்கடை ஜன்னல்ல, ஊர்ல இன்னும் எத்தன பேர் மிச்சம்னு காட்டுற எலெக்ட்ரானிக் போர்டு 2008-ல வச்சாங்க. வீடெல்லாம் டூரிஸ்ட் வாடகைக்குப் போயிடுச்சு, அங்கயே பொறந்த பையன் கல்யாணம் பண்ணி ஒரு வீடு எடுக்க முடியாம பக்கத்துக் கரைக்குப் போயிடுறான். 2024-ல இருந்து பகல்ல வந்துட்டுப் போறவங்ககிட்ட சில நாட்கள்ல நுழைவுக் கட்டணம் வாங்குறாங்க, அதை வாங்கிட்டா மட்டும் அந்தப் பையன் திரும்பி வந்துடமாட்டான்.

நாடு முழுக்கவே இந்த ஆள் பஞ்சம் இருக்கு. 1964-ல 10 லட்சம் குழந்தைங்க பொறந்த நாட்டுல 2024-ல 3.7 லட்சம்தான். படிச்ச பசங்க வேலைக்கு ஜெர்மனி, இங்கிலாந்துன்னு போயிடுறாங்க. நாளைக்கு இன்னொரு ஆர்னோ வந்தா சேத்துல எறங்க யாரு இருப்பா? எதிர்காலம்னு தலைப்பு வச்சுட்டு வீட்டு வாடகையும் பழைய ஓவியத்தைச் சரிபண்ணுற இளைஞர்களோட சம்பளமும் பேசலேன்னா அப்புறம் எதைப் பேசுறது?

அந்தக் கருத்தரங்கோட ரெக்கார்டிங் இருந்தா லிங்க் அனுப்புங்க, அங்க வாழுற சின்னப் பசங்க யாராவது மேடைல இருந்தாங்களான்னு பார்க்கணும்.

அன்புடன்