தயிர்ச்சட்டி

ஐயா,
எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா. கணவர் இறந்து ஏழு மாதம். அந்தியேட்டி வரைக்கும் வீடு நிறையச் சனம். இப்போது படலை சாத்தியே கிடக்கிறது. 'என்ன தேவையெண்டாலும் கோல் எடுங்கோ' என்று என் நம்பரைக் கொடுத்தேன். ஒரு நாளும் எடுக்கவில்லை. போன கிழமை கடையில் கண்டபோது, 'எனக்கு இனி ஒண்டும் தேவையில்லை' என்றா. அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை. நான் உளவளத்துணை படித்தவள் இல்லை. பிழையாக எதையும் சொல்லிவிடுவேனோ என்று பயம். தலையிடலாமா, விலகி நிற்பதா?
— ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

போங்கள். இந்தக் கிழமையே போங்கள்.

அவர் கோல் எடுக்காததை, உங்களை வேண்டாம் என்று சொன்னதாக நினைக்க வேண்டாம். மனம் விட்டுப்போனவருக்கு எழும்பி முகம் கழுவுவதே பெரிய வேலை. யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசிக்க எங்கே தெம்பு இருக்கும்? நம்பரைக் கொடுத்துவிட்டு வரும்போது, நடக்க வேண்டிய தூரம் முழுவதையும் நடக்க முடியாதவரிடமே விட்டுவிட்டு வருகிறோம்.

இதை நான் அந்தப் பக்கம் இருந்து அறிந்தவன். 2004 டிசம்பர் 26 இல் என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. பிறகு மாதக்கணக்கில் நான் யாருக்கும் கதவு திறக்கவில்லை. முன்னர் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த கிண்ணியா நானா ஒருவர் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வருவார். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, அது 2009 இல்தான் திறந்தது. துறையடியில் காத்திருந்து, 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி, இந்தக் கரையில் பஸ் பிடித்து வர வேண்டும். அவருடைய ஊரும் கடல் அடித்த ஊர்தான். ஒரு சட்டி எருமைத் தயிரைத் திண்ணையில் வைப்பார். கொஞ்ச நேரம் இருப்பார். 'அடுத்த வெள்ளி சட்டி எடுக்க வாறன்' என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார்.

முதல் மூன்று வெள்ளியும் நான் வெளியே வரவில்லை. சட்டி அப்படியே இருந்தது, தயிர் புளித்துப்போனது. அவர் அதை எடுத்துக்கொண்டு புதுச் சட்டியை வைத்தார். நான்காம் வெள்ளி, சட்டியைக் கழுவிக் கொடுக்க வேண்டுமே என்ற வெட்கத்தில் கதவைத் திறந்தேன். அவர் எனக்கு ஒரு ஆறுதல் வார்த்தையும் சொன்னதில்லை.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 2008 இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரைப் பற்றியது. நடந்த ஐந்து இடங்களில் கொழும்பும் சென்னையும் உண்டு. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணிநேரம் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது தடவை நேரிலோ தொலைபேசியிலோ சுகம் விசாரிப்பு. அந்தக் காலத்துக்குள் முதல் பகுதியில் 18 பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர். விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான். ஆனாலும் அந்த ஒன்பது தடவையும் அவர்கள் முக்கியமாகச் செய்தது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதுதான்.

'எனக்கு இனி ஒண்டும் தேவையில்லை' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைக் கேட்டும் கேட்காதது போல விடக்கூடாது. தனியே இருக்கும்போது நேராகவே கேளுங்கள்: 'அக்கா, உயிரோட இருக்கவே வேண்டாமெண்டு யோசனை வருதா?' கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. பல வேளைகளில் சொல்ல ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருக்கும். ஓம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 'ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்' என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். வீட்டில் பயிர் மருந்தோ மிஞ்சிய மாத்திரைகளோ இருந்தால் அவரிடம் சொல்லியே அப்புறப்படுத்துங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. அவருக்குப் பக்கத்தில் இருந்து நீங்களே அழுத்துங்கள். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் கூடவே போய், வரிசையிலும் கூடவே இருங்கள். தனியே போகச் சொன்னால் போகமாட்டார்.

என்ன சொல்வது என்ற பயம் வேண்டாம். 'விதி', 'பிள்ளைகளுக்காக வாழுங்கோ', 'உங்களை விடக் கஷ்டப்பட்ட சனம் இருக்கு' என்ற மூன்றையும் மட்டும் சொல்லாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள், அந்தப் பெயரைக் கேட்க அவருக்கு ஆசையாக இருக்கும். இன்னொன்று. உங்கள் வீட்டில் நல்ல காரியம் வந்தால் அவரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். கணவனை இழந்த பெண்ணைக் கல்யாண வீட்டில் பின்னுக்கு நிறுத்தும் வழக்கத்தை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். அவருடைய படலை சாத்திக் கிடப்பதில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

முதல் நாள் இடியப்பமும் சொதியும் கொண்டு போங்கள். கதவு திறக்காவிட்டால் திண்ணையில் வைத்து, மறுபடி வரும் நாளை உரக்கச் சொல்லுங்கள். சொன்ன நாளில் கட்டாயம் போங்கள். பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.