சோடியம் அயனி பேட்டரியின் கேத்தோடில் (நேர்மின்வாயில்) டோப்பிங்: சில கேள்விகள், சில பதில்கள்

டோப்பிங் என்றால் கேத்தோடு பவுடரில் வேறொரு தனிமத்தைக் கலப்பதுதானே?

கலந்தால் போதாது, இடம் பிடிக்க வேண்டும். படிகத்தில் நிக்கலோ மாங்கனீஸோ இருக்கிற இடத்தில் சில அணுக்களுக்குப் பதிலாக மக்னீசியமோ டைட்டானியமோ போய் உட்கார்ந்தால்தான் அது டோப்பிங்.

என் பி2 வகை (படிக அடுக்குகள் அமைந்திருக்கும் ஒரு விதம்) நிக்கல்-மாங்கனீஸ் ஆக்சைடு, 4.2 வோல்ட்டைத் தாண்டி சார்ஜ் செய்தால் சீக்கிரம் கொள்ளளவை இழக்கிறது. மக்னீசியம் உதவுமா?

உதவும். ஏன் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். அந்த வோல்ட்டேஜில் சோடியம் பெரும்பாலும் வெளியேறிவிடும். அப்போது அடுக்குகள் வழுக்கி ஓ2 என்ற வேறு அடுக்கமைப்புக்கு மாறும், கன அளவு இருபது சதவீதத்துக்கும் மேல் சுருங்கும். திரும்பத் திரும்ப இப்படிச் சுருங்கி விரிந்தால் துகள் விரிசல் விடும், விரிசலுக்குள் எலக்ட்ரோலைட் புகுந்துவிடும். மக்னீசியம் அயனியின் ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ராம், நிக்கலுடையது 0.69. அதனால் நிக்கலின் இடத்தில் சிரமமில்லாமல் பொருந்தும். ஆனால் சார்ஜ் ஏறும்போது நிக்கல் போல 2+ நிலையிலிருந்து மேலே போகாது. மின்சுமைக் கணக்கு சரியாக வேண்டுமென்றால் கொஞ்சம் சோடியம் உள்ளேயே தங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சோடியம்தான் அடுக்குகளுக்கு இடையில் தூணாக நிற்கிறது. வோல்ட்டேஜ் கோட்டில் இருந்த படிகளும் மழுங்கிச் சரிவாகிவிடும்.

மக்னீசியம் சேர்த்தேன், முதல் சுழற்சிக் கொள்ளளவே குறைந்துவிட்டதே?

குறையத்தான் செய்யும். இந்தப் பொருளில் எலக்ட்ரான் தருவது முக்கியமாக நிக்கல்தான், அதைத்தானே எடுத்தீர்கள்! நூறாவது, இருநூறாவது சுழற்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் பின்தங்கினால் அளவைக் குறையுங்கள்.

எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனையில்) 43 டிகிரி பக்கம் சின்ன மேடு தெரிகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தாமிர கே-ஆல்ஃபா எக்ஸ்-கதிரில் மக்னீசியம் ஆக்சைடு 42.9 டிகிரியிலும் நிக்கல் ஆக்சைடு 43.3 டிகிரியிலும் வரும். எதுவாக இருந்தாலும், போட்டதெல்லாம் படிகத்துக்குள் போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் "5 சதவீத டோப்பிங்" என்று எழுதுவது சரியில்லை. ரீட்வெல்ட் பகுப்பாய்வில் (எக்ஸ்ஆர்டி முடிவைக் கணக்கிட்ட படிக மாதிரியோடு பொருத்திப் பார்க்கும் முறை) அணிக்கோவை அளவுகள், அதாவது படிகத்தின் அடிப்படை அலகின் அளவுகள், நகர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஓ3 வகைப் (இன்னொரு அடுக்கமைப்பு) பொருளை ஸ்லரியாக்கினால் (மின்வாயாகப் பூசுவதற்கான குழம்பாக்கினால்) ஜெல்லி மாதிரி கெட்டியாகிறது. இதற்கும் டோப்பிங்தான் தீர்வா?

பாதித் தீர்வு. ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பட்டால் மேற்பரப்பில் சோடியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் உருவாகும். அந்தக் காரம் பிவிடிஎஃப் பைண்டரை (துகள்களை ஒட்டிவைக்கும் பாலிமரை) தாக்குவதால்தான் ஸ்லரி இறுகுகிறது. தாமிரமும் டைட்டானியமும் சேர்த்தால் காற்றைத் தாங்கும் திறன் நன்றாகவே கூடும். தாமிரம் தானும் ஆக்சிஜனேற்றம் அடைந்து எலக்ட்ரான் தரும் என்பதால் கொள்ளளவு இழப்பும் குறைவு. ஆனால் பவுடரைத் திறந்த மேசையில் வைத்திருந்தால் எந்தத் தனிமமும் காப்பாற்றாது.

ஐந்தாறு தனிமங்களை ஒரே நேரத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பலனும் கிடைக்கலாம். எது எதைச் செய்தது என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

சோடியம் வனேடியம் பாஸ்பேட்டுக்கும் இதே முறையா?

அங்கே சிக்கல் வேறு. கட்டமைப்பு உறுதியானது, எலக்ட்ரான் கடத்துவதில்தான் மந்தம். முதலில் கார்பன் பூச்சைச் சரிசெய்யுங்கள், டோப்பிங்கைப் பிறகு பார்க்கலாம்.