ஜன்னலை மறைக்கும் பீரோ

கேள்வி: காட்பாடியில் 450 சதுர அடி வாடகை வீடு. நான், கணவர், மகள். இரண்டு இரும்பு பீரோ, மாமியார் தந்த மரப்பெட்டி, தண்ணீர் டிரம். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். எப்படி அழகாக்குவது?
– வாசகி, காட்பாடி

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன் சகோதரி, பீரோ ஜன்னலை மறைத்து நிற்கிறதா? சின்ன வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். நம் வேலூர் வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். காற்று வரும் வழியை இரும்பால் அடைக்கலாமா? இரண்டு பீரோவையும் மேற்குச் சுவரோரம் சேர்த்து நிறுத்துங்கள். பிற்பகல் வெயிலில் காய்கிற சுவர் அது. அங்கே கட்டில் போட்டால் இரவெல்லாம் முதுகு வேகும். பீரோவின் உச்சியில் சூட்கேஸ்களை ஏற்றிவிடலாம்.

மரப்பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கம்பளி, போர்வை. மேலே மெத்தை விரித்தால் வருகிறவர்கள் உட்கார இடம். சோபா வேண்டாம், அது இடத்தைத் தின்றுவிடும். திரைக்குக் குடியாத்தம் கைத்தறிக் கட்டம் போட்ட துணி வாங்குங்கள். லேசானது, வெளிச்சத்தைக் கொல்லாது. ஆணி இல்லாமல் இரு சுவர்களுக்கிடையே இறுகி நிற்கும் கம்பிகள் கடையில் கிடைக்கின்றன. காட்பாடி பக்கத்துக் கரிகிரி ஊரில் செய்யும் மண்ஜாடி ஒன்றில் மணிப்ளான்ட் வைத்தால் போதும், வேறு பொம்மைகள் தேவையில்லை.

டிரம் குளியலறைப் பக்கம் போகட்டும். இறுக்கமாக மூடுங்கள், வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வீட்டில் குழந்தை இருக்கிறாள்.