பதிவிறக்கக் கோப்புகளை ஆன்லைனில் விற்பவர்கள் பொருள் விவரத்தை எப்படி எழுத வேண்டும்?

நாள்தோறும் பலர் வந்து பார்க்கிறார்கள், யாரும் வாங்காமல் போய்விடுகிறார்கள், விவரம் எழுதியதில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதில்தான். நீங்கள் விற்பது என்ன கோப்பு என்று கேள்வியில் சொல்லவில்லை. படம் நன்றாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், விவரத்தில் மட்டும் "அழகானது, தரமானது, உடனே பதிவிறக்குங்கள்" என்று நான்கு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அதனால் ஒரு பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணி வீணாகிப்போனது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

நான் விற்பது ஜாக்கெட் பேப்பர் கட்டிங். அம்மா திண்டுக்கல்லில் 30 வருடத்துக்கு மேலாக வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அவர் பிரவுன் ஷீட்டில் வரைந்து வெட்டுவதை நான் கணினியில் வரைந்து பிடிஎஃப் கோப்பாக விற்கிறேன். வாங்குபவர்கள் அதை வீட்டில் அச்சிட்டு, பக்கங்களை ஒட்டி, கோட்டின்மேல் வெட்டி, துணியில் வைத்துக்கொள்ளலாம். 2021-இல் ஆரம்பித்தேன். முதல் விவரத்தில் எந்த அளவு, எத்தனை பக்கம், எந்தத் தாள் என்பதெல்லாம் கடைசி வரியில் ஒரே மூச்சில் வரும். தாளைப் பற்றி "ஏ4" என்று ஒரே ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான்.

நியூஜெர்சியிலிருந்து ஒரு பெண் வாங்கினார். தங்கையின் வளைகாப்புக்கு அவரே தைத்துப் போட்டுக்கொள்ள ஆசை. இரண்டு வாரம் கழித்து ஒற்றை நட்சத்திரம் போட்டு, "அளவு தவறு, நம்பி வாங்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அளவில் காடா துணியில் தைத்து, அம்மா கண்முன்னே ஒருவருக்குப் போட்டுப் பார்த்த பிறகே கோப்பை ஏற்றியிருந்தேன். அவருக்குச் சூடாகப் பதில் எழுதி வைத்துவிட்டேன். அனுப்பும் முன் அம்மா பிடுங்கிக்கொண்டு, "முதலில் படம் அனுப்பச் சொல்" என்றார்.

படம் வந்தது. மாம்பழ நிறப் பட்டு, கரும்பச்சைக் கரை. புடவையோடு வந்த ஜாக்கெட் துணி. கொக்கியும் வளையமும் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அச்சிட்ட தாளின்மேல் இன்ச் டேப்பை வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னோம். தோளிலிருந்து இடுப்பு வரை 14 இன்ச் இருக்க வேண்டிய கோடு 13-ஐச் சற்றே தாண்டி நின்றுவிட்டது.

காரணம் அப்போதுதான் புரிந்தது. நம்முடைய ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் உயரம். அமெரிக்காவில் வீட்டு அச்சுப்பொறிகளில் இருப்பது லெட்டர் தாள். அதன் உயரம் 279 மில்லிமீட்டர்தான். "தாளுக்குள் அடக்கு" என்ற தேர்வில் அச்சிட்டால், பக்கம் முழுவதும் குறைந்தது ஆறு சதவீதம் சுருங்கும். கடிதம் அச்சிட்டால் யாருக்கும் தெரியாத வித்தியாசம் அது. ஜாக்கெட்டில் 36 இன்ச் மார்புச் சுற்றளவு 34-க்கும் கீழே போய்விடும். பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தலாம் என்றால், உள்தையலுக்கு, அதாவது தையலுக்கு உள்பக்கம் விடும் உபரித் துணிக்கு, நான் அரை இன்ச்தான் விட்டிருந்தேன். அதையும் விவரத்தில் சொல்லவில்லை.

அளவு சரி, சொல்லாமல் விட்டதுதான் தவறு. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் அந்தப் பட்டுத் துணிக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தைக்கக் கொடுக்க வருபவர்களிடம் அவர் எப்படித் துணி வாங்குகிறார் என்று பார்த்தேன். யார் வந்தாலும் பையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேள்விகள் ஆரம்பித்துவிடும். துணி எத்தனை சென்டி? லைனிங் உண்டா? கொக்கி முன்னாலா, பின்னாலா? அளவு ஜாக்கெட் கொண்டுவந்தீர்களா, அது இப்போதும் சரியாக இருக்கிறதா, இல்லை பிடிக்கிறதா? என்றைக்கு வேண்டும்? இதெல்லாம் முடிந்த பிறகுதான் கழுத்து டிசைன் பேச்சே வரும். நான் எழுதிய விவரத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை, டிசைனைப் பற்றி மட்டும் நான்கு வரி இருந்தது. கோப்பை வாங்குபவர் நம் எதிரே நிற்பதில்லை. அவர் கேட்கக்கூடியதை நாமே கேட்டுக்கொண்டு பதிலையும் எழுதிவைக்க வேண்டும்.

இப்போது என் விவரம் இப்படி ஆரம்பிக்கிறது:

"பிரின்சஸ் கட் ஜாக்கெட், மார்புச் சுற்றளவு 32 முதல் 42 இன்ச் வரை ஆறு அளவுகள். இது நீங்களே அச்சிட்டுக்கொள்ளும் பிடிஎஃப் கோப்பு. துணியோ தைத்த ஜாக்கெட்டோ வீட்டுக்கு வராது. 36 என்பது உடம்பில் எடுத்த அளவு, தைத்த ஜாக்கெட்டின் அளவு அல்ல. ஏ4 தாளுக்கு ஒரு கோப்பு, லெட்டர் தாளுக்கு ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் ஒரு இன்ச் சதுரம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் 100 சதவீத அளவில் அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு இன்ச் இல்லையென்றால் மற்ற பக்கங்களை அச்சிட வேண்டாம். பக்கத் தையலில் ஒன்றரை இன்ச் உள்தையல் சேர்த்தே வரைந்திருக்கிறது."

இதற்குக் கீழே துணி எவ்வளவு வேண்டும், லைனிங்குக்கு எவ்வளவு, தையல் எந்த வரிசையில் என்று வரும். டிசைனைப் பற்றி ஒரே வரி, அதுவும் "போட் நெக், முதுகில் கயிறு" என்று வாங்குபவர் தேடும் சொல்லில். முன்பு ஒவ்வொன்றுக்கும் கவிதைபோல் பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயரை யாரும் தேடப்போவதில்லை. எட்சி (Etsy) போன்ற விற்பனைத் தளத்தில் தலைப்புக்கு 140 எழுத்துகள், குறிச்சொற்கள் 13, ஒவ்வொன்றுக்கும் 20 எழுத்துகள்தான். அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.

"இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்" என்று இங்கே ஒருவராவது எழுதுவார். வேடிக்கை பார்க்க வந்தவர் படிக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். புடவையோடு வந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பார். நான் எழுதுவது அவருக்கு. செல்போனில் ஆரம்ப வரிகள்தான் உடனே தெரியும் என்பதால், கட்டாயம் தெரிய வேண்டியதை அங்கே வைத்துவிடுங்கள், மற்றவை கீழே இருக்கட்டும்.

"தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எல்லோரும் ஒரு வரி போடுகிறார்கள். அதன் பொருள் வாங்குபவருக்குப் புரிவதில்லை. தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், "அக்கா, இதை வைத்து வாடிக்கையாளருக்குத் தைத்துக் கூலி வாங்கலாமா?" என்று பயந்து பயந்து கேட்டார். தாராளமாக வாங்கலாம். அதை அப்படியே எழுதிவிட்டேன்: "இந்த அளவை வைத்து எத்தனை ஜாக்கெட் வேண்டுமானாலும் தைத்துக் கொடுக்கலாம். கோப்பை விற்கவோ வாட்ஸ்அப் குழுவில் போடவோ கூடாது." அதற்குப் பிறகு தையல் கடைக்காரர்கள் பலர் வாங்குகிறார்கள்.

பணம் திருப்பித் தருவதைப் பற்றிச் சட்டம் பேச வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. பதிவிறக்கத்தை உடனே தொடங்க ஒப்புக்கொண்டு, அதனால் அந்த உரிமை போய்விடும் என்று வாங்குபவர் ஏற்றுக்கொண்டிருந்தால் அது இல்லை. தெரிந்துதான் சொல்கிறேன். ஆனாலும் விவரத்தின் உச்சியில் "பணம் திருப்பித் தரப்படாது" என்று தடித்த எழுத்தில் மிரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. "அச்சில் சிக்கல் வந்தால் வெட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்" என்று போட்டிருக்கிறேன். எழுதுகிறார்கள், நானும் பதில் சொல்கிறேன்.

கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வெறும் தாள்தானே, எனக்கு ஒன்று அனுப்பிவிடு, உனக்கு என்ன செலவு" என்று உறவுக்காரர்களே கேட்கிறார்கள். ஆறு அளவுக்கும் ஆறு காடா ஜாக்கெட் தைத்து, கைக்குழி இழுக்கிறது என்று பிரித்து, மறுபடியும் வரைந்து, மறுபடியும் தைத்த செலவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அம்மாவுக்கும் இதே கதைதான். ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுத்துவிட்டு வருவார்கள். கடையில் சொன்ன விலையைக் கொடுத்திருப்பார்கள். தையல் கூலியில் மட்டும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி வாசலில் நின்று பேசுவார்கள். அந்தப் புடவையை அவர்கள் கட்டிக்கொண்டு போய் நிற்பதே அம்மா தைத்த ஜாக்கெட்டின் மேல்தான். இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையால் ஹெம்மிங் போடும் ஒருவரிடம் அந்த ஐம்பது ரூபாயைக் குறைக்க எப்படி மனம் வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விற்பது பிள்ளைகளுக்கான பயிற்சித் தாளோ, எம்பிராய்டரி டிசைனோ, திருமண அழைப்பிதழ் மாதிரியோ, எதுவாகவும் இருக்கலாம். எம்பிராய்டரி என்றால் எந்த மெஷினுக்கான கோப்பு, எந்த அளவு வளையத்துக்குள் அடங்கும், எத்தனை நூல் நிறம் என்பது முதலில் வர வேண்டும். அழைப்பிதழ் என்றால் பெயரை எந்தச் செயலியில் மாற்றுவது, தமிழ் எழுத்துரு அதில் சரியாக வருமா என்பது முதலில் வர வேண்டும். எழுதி முடித்ததும் இந்தத் தொழிலே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "காசு கொடுத்தால் உங்கள் கைக்கு என்ன வரும்?" என்று மட்டும் கேளுங்கள். நான் எங்கள் சித்தியிடம் கொடுத்தேன். முழுவதும் பொறுமையாகப் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஜாக்கெட் வந்து சேர எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். துணியோ தைத்த ஜாக்கெட்டோ வராது என்ற வரி அதுவரை கடைசியில்தான் இருந்தது. அன்றே அதை மேலே ஏற்றினேன்.