பிளஸ் டூவில் கணிதம் படிக்காத மாணவர்களுக்கு நுண்கணிதத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணித உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் முதலாண்டுக்குத் துணைப்பாடமாக நுண்கணிதம் (கால்குலஸ்) எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் பியூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர்கள். பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்கள். எல்லை, தொடர்ச்சி, வகையீட்டின் வரையறை என்று நூல் வரிசைப்படி மூன்று வாரம் நடத்திவிட்டேன். சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள், இது எதற்கு என்று கேட்டால் விழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்? எதை விட்டுவிடலாம்?

பதில்: உங்கள் மாணவர்களிடம் குறையில்லை, பாடத்தின் வரிசைதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. எல்லையில் தொடங்கி, வகையீடு, தொகையீடு வழியாக வகைக்கெழுச் சமன்பாட்டில் முடியும் வரிசை கணிதம் படிப்பவருக்கு உரியது. உயிரியல் மாணவருக்குப் பின்னாளில் மெய்யாகவே பயன்படப்போகும் ஒரே கருத்து, ஒன்று மாறும் வேகம் அது இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது. அதுவோ பருவத்தின் கடைசி வாரத்தில், போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் வந்து போகிறது. அதை இரண்டாம் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லை தானாகப் பின்னால் வரும்.

முதல் வகுப்பில் சூத்திரம் எதையும் எழுதாமல் ஓர் அட்டவணையைக் கொடுங்கள். 1913இல் கார்ல்சன் வெளியிட்ட ஈஸ்ட் வளர்ச்சி அளவீடுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மணிக்கொரு முறை எடுத்த அளவுகள் 9.6, 18.3, 29.0 என்று தொடங்கி, ஏழாம் மணியில் 257.3, எட்டாம் மணியில் 350.7 என்று ஏறி, பதினெட்டாம் மணியில் 661.8இல் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. அடுத்தடுத்த எண்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மாணவர்களே கழித்து எழுதட்டும். முதல் மணி நேரத்தில் 8.7, ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் 93.4, கடைசி மணி நேரத்தில் வெறும் 2.2 என்று வரும். கழிக்கத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் வேகம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதை அவர்கள் தம் கையாலேயே கண்டுபிடித்திருப்பார்கள். உச்சம் எங்கே என்று பார்க்கச் சொன்னால், இறுதி அளவில் ஏறத்தாழப் பாதியை ஈஸ்ட் கடக்கும் அதே மணி நேரத்தில் அது இருப்பதும் தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு வித்தியாசத்தையும் அந்தந்த மணியின் தொடக்க அளவால் வகுக்கச் சொல்லுங்கள். 8.7ஐ 9.6ஆல் வகுத்தால் 0.91, 93.4ஐ 257.3ஆல் வகுத்தால் 0.36, கடைசியில் 0.003. மொத்த வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போதே ஓர் அலகு ஈஸ்டுக்கான வளர்ச்சி பாதிக்கும் கீழே போய்விட்டது என்பதைப் பார்க்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். நான் எடுத்த வகுப்புகளில் அது தவறியதேயில்லை. இந்த வகுத்த எண்களை ஈஸ்டின் அளவுக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால், தொடக்கத்தில் சில ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும், புள்ளிகள் மொத்தத்தில் கீழ்நோக்கிச் சாயும் ஒரு நேர்கோட்டை ஒட்டி அமையும். அந்தக் கோட்டைச் சொற்களில் எழுதச் சொன்னால், 1838இல் பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட் முன்வைத்த, ஓர் உச்ச அளவை நெருங்க நெருங்கத் தளரும் வளர்ச்சியைக் கூறும் லாஜிஸ்டிக் சமன்பாடே கிடைத்துவிடும். வகையீடு என்ற சொல்லை இதற்குப் பிறகு அறிமுகப்படுத்துங்கள்; அப்போது ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குப் பெயர் வைப்பதாக அது இருக்கும்.

எல்லை என்ற கருத்தை நான் காபியை வைத்து நடத்துவது வழக்கம். உடலில் காஃபீனின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 5 மணி. ஆளுக்கு ஆள் இது வேறுபடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2இன் இயல் மடக்கையான 0.693ஐ 5ஆல் வகுத்தால் மணிக்கு 0.1386 என்ற மாறிலி வருகிறது. 100 மில்லிகிராம் காஃபீன் உடலில் இருக்கும் கணத்தில் அது வெளியேறும் வேகம் மணிக்கு 13.86 மில்லிகிராம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 13.86 மில்லிகிராம் குறைந்திருக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஆம் என்பார்கள். மணி நேரத்தை இரு பாதியாக்கி, முதல் பாதி முடிவில் மீதமுள்ளதை வைத்து இரண்டாம் பாதியைக் கணக்கிடச் சொன்னால் விடை 13.38 ஆகிறது. கால்மணிக் கால்மணியாகச் செய்தால் 13.16, பத்து நிமிடமாகப் பிரித்தால் 13.08. துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் எண் 12.94இல் சென்று நிலைக்கிறது. ஏன் குறைகிறது என்பதற்கு, காஃபீன் குறையக் குறைய வெளியேறும் வேகமும் குறைகிறது என்ற விடையை ஒரு மாணவரேனும் சொல்லிவிடுவார். ஆக, கணநேர வேகத்துக்கும் சராசரி வேகத்துக்கும் உள்ள வேறுபாடு, எல்லை, அடுக்குக்குறிச் சார்பு மூன்றும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. கணினி ஆய்வகம் கிடைத்தால் எக்செல் தாளில் இதையே செய்யலாம்; ஆனால் முதல் முறை கால்குலேட்டரை வைத்துக் கையால் செய்ய வையுங்கள், இழுத்து நிரப்பும் வசதி சிந்தனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

விடை எதுவாயினும் அதன் அலகையும் எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நொதியின் தொடக்க வேகத்தைக் காண, விளைபொருள் அளவின் வளைவரைக்குச் சுழி நேரத்தில் அளவுகோல் வைத்துத் தொடுகோடு வரைவார்கள். நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோமோல் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தச் சாய்வுதான் வகைக்கெழு என்பதை அந்த ஆய்வகத்தில் யாரும் சொல்வதில்லை, நம் வகுப்பிலோ யாரும் அந்தப் பதிவேட்டைத் திறப்பதில்லை. உயிர்வேதியியல் ஆசிரியரோடு ஒரு தேநீர் நேரம் பேசினால் உங்களுக்கு ஆண்டு முழுவதற்கும் எடுத்துக்காட்டுகள் கிடைக்கும்.

தொகையீட்டுக்கு மருந்தியலே போதும். மருந்து உட்கொண்டபின் இரத்தத்தில் அதன் செறிவைக் காட்டும் வளைவரையின் கீழுள்ள பரப்புதான் உடலுக்குக் கிடைத்த மருந்தின் அளவுகோல். அந்தப் பரப்பைச் சிறு சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டும் சரிவக விதியால் கணக்கிடுவதே நடைமுறை. கணினிக்கு முந்தைய ஆய்வகங்களில் வரைபடத்தாளில் அந்தப் பகுதியைக் கத்தரித்து எடைபோட்டுப் பரப்பைக் கண்டார்கள் என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் செய்தும் காட்டுங்கள். சரிவக விதியைத் தாமே கண்டுபிடித்த புது முறைபோல எழுதிய ஒரு கட்டுரை, 1994இல் ‘டயபடீஸ் கேர்’ என்ற மருத்துவ இதழில் வெளியாகிக் கேலிக்கு உள்ளானது. நம் வகுப்பு ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

எல்லையின் முறையான எப்சிலான்–டெல்டா வரையறை, தொகையீட்டின் பிரதியிடல் வித்தைகள், முக்கோணவியல் சார்புகளின் நீண்ட பயிற்சிகள் ஆகியவற்றை நான் விட்டுவிடுவேன். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதாக இருந்தால் பாடத்திட்டக் குழுவிலேயே இதை எழுப்பலாம். இல்லையென்றால் பல்கலைக்கழக வினாத்தாள் அவற்றைக் கேட்கத்தான் செய்யும். கடைசி இரு வாரங்களை ஒளிவுமறைவின்றித் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நுண்கணிதத்தில் அல்ல. பின்னங்களிலும் அடுக்குகளிலும் மடக்கையிலும்தான். மடக்கை அவர்களுக்குப் பிஎச் கணக்கிடும்போது அழுத்தும் பொத்தான் மட்டுமே. இதற்குத் தனியாக அடிப்படை வகுப்பு வைத்தால் அவமானமாக உணர்ந்து வராமல் இருந்துவிடுவார்கள். காபிக் கணக்கு போன்ற இடங்களில் தேவை வரும்போது பத்து நிமிடம் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பதே பலன் தருகிறது.

பிளஸ் டூவில் கணிதம் படித்துவிட்டு வந்தவர்கள் சலித்துக்கொள்வார்களே என்று நீங்கள் அஞ்சலாம். ஈஸ்ட் அட்டவணையை அவர்களிடமே முதலில் கொடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் வகைக்கெழுவை எழுதிவிடும் அவர்களில் பலர், 93.4 என்பதன் அலகு என்ன என்ற கேள்வியில் நின்றுவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்பவர் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பியூர் சயின்ஸ் மாணவராகவே இருப்பார்.