கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்

வணக்கம் சார்,

நாங்கள் ஆறு பேர், ஒரே காலேஜ், ஒரே பேட்ச். வேலையை விட்டுவிட்டு சோழிங்கநல்லூரில் ஒரு ஃபிளாட் எடுத்து, தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரிகளுக்காக ஒரு ஆப் செய்தோம். ராத்திரி ஆர்டர் போட்டு முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிவிட்டால் காலையில் தெருமுனைக்கே காய் வந்துவிடும், கோயம்பேடு போக வேண்டாம். நண்பர்கள் நாற்பது பேரிடம் காட்டினோம், எல்லோரும் சூப்பர் என்றார்கள். எங்கள் தெருவில் வண்டி போடும் ஒரு காய்கறி அம்மாவும் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இரண்டாவது வாரத்திலேயே ஆர்டர் நின்றுவிட்டது. அவர்களுக்கு டிஜிட்டல் விழிப்புணர்வு இல்லை என்று தோன்றுகிறது. பயனர் ஆய்வு பற்றி என்ன படிக்கலாம்? பெங்களூருக்கு மாறினால் நல்ல தொடர்புகள் கிடைக்குமா?

க., சோழிங்கநல்லூர்

அன்புள்ள க.,

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு காய்கறி அம்மாவின் தூக்கத்தைப் பற்றி யோசித்த ஆறு பையன்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால்தான் திட்டவும் போகிறேன்.

விழிப்புணர்வு இல்லை என்று இனிமேல் எழுதாதீர்கள். அந்த அம்மாவின் வண்டியில் க்யூஆர் அட்டை தொங்குகிறதா இல்லையா? பணம் வந்தால் தமிழில் சத்தமாகச் சொல்லும் பெட்டியைக்கூட எத்தனையோ வண்டிகளில் பார்க்கிறேன். கை ஈரமாக இருக்கும்போது, நாலு பேர் சுற்றி நிற்கும்போது, போனை எடுத்துப் பார்க்க முடியாது. பெட்டி அந்தச் சிரமத்தைத் தீர்த்தது, வைத்துக்கொண்டார்கள். உங்கள் ஆப் எந்தச் சிரமத்தையும் தீர்க்கவில்லை, விட்டுவிட்டார்கள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

அவர் நடுராத்திரி தாண்டிக் கோயம்பேடு போவது எதற்காக என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? தக்காளியை அழுத்திப் பார்த்து, இன்றைக்கு விற்கப் பழமும் நாளைக்கு விற்கச் செங்காயுமாகக் கலந்து எடுப்பார். பழகிய மண்டிக்காரரிடம் பாதியை இப்போது வைத்துக்கொள்ளுங்கள், மீதி நாளைக்கு என்று சொல்ல முடியும். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பிடித்து, வழியெல்லாம் விலை பேசிக்கொண்டே திரும்புவார்கள். இது அத்தனையையும் எடுத்துவிட்டு, ராத்திரியே முழுப் பணம் கட்டு என்கிறீர்கள். ராத்திரி அவர் கையில் பணம் ஏது தம்பி? சாயங்காலமே, கடனுக்குத் தினமும் வசூல் பண்ணுகிற தண்டல்காரர் வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பாரே.

உங்கள் ஆறு பேர் வீட்டில் ஒருத்தர்கூடத் தண்டல் வாங்கியதில்லையா? யாராவது வாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அம்மா பூ கட்டி விற்றுப் படிக்கவைத்த பையன்கூட உங்களுக்குள் இருக்கலாம். ஆனால் ஃபண்டிங் பற்றிப் பேசுகிற சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் அவனும் ஃபண்டிங் பற்றித்தான் பேசுவான். வீட்டுக் கதையை எடுத்தால் தான் மட்டும் தனியாகத் தெரிவோம் என்று கூச்சம். உங்களுக்குத் தேவைப்பட்ட விஷயம் அந்த ஃபிளாட்டுக்குள்ளேயே இருந்து, வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். எனக்குக் கோபம் இதில்தான். வெளியே இருப்பவரின் குரல் கேட்காமல் போவது ஒரு பக்கம், உள்ளே இருப்பவனும் மற்றவர்களைப் போல ஆகிவிடுவது அதைவிட மோசம்.

எண்பதுகளின் கடைசியில் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். மெடிக்கல் ரெப், அச்சகத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிற புரூஃப் ரீடர், கோர்ட் குமாஸ்தா, சான்ஸ் தேடி வந்தவர் என்று ஒரே வராண்டாவில் எல்லோரும் பல் தேய்ப்போம். அடுத்த அறையில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக். கரண்ட் போனால் போட்டுக்கொள்ள எமர்ஜென்சி லைட் ஒன்று சொந்தமாகச் செய்துகொண்டிருந்தார். ரிச்சி தெரு ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பேட்டரி, டிரான்ஸ்பார்மர், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், பிரமாதம் என்பார்கள். அறை பெருக்க வரும் ஆயா ஒரு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருட்டுல இந்த சுச்சை எங்கப்பா தேடறது?" என்றார். சின்ன சுவிட்ச், பின்பக்கம் கீழே இருந்தது. செய்தவருக்குக் கை தானாகப் போகும். இருட்டில் மட்டுமே தேவைப்படுகிற ஒரு பொருளை அத்தனை பேரும் வெளிச்சத்தில் வைத்தே பார்த்திருக்கிறார்கள்! மறுநாளே சுவிட்ச் பெரிதாகி மேலே வந்தது, அதன் மேல் ரேடியம் ஸ்டிக்கர். அப்புறம்தான் அது விற்றது. ஆயா வராண்டாவில் இருந்தார், சொன்னார். உங்கள் ஃபிளாட்டில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் ஆப்பைக் காட்டினீர்களா?

ஜெய்ப்பூர் செயற்கைக் கால் 1960களின் கடைசியில் எப்படி வந்தது என்று பாருங்கள். அதற்கு முன்னால் கொடுத்துவந்த வெளிநாட்டு மாதிரிக் காலுக்கு ஷூ போட வேண்டும், சம்மணம் போடவோ குந்தி உட்காரவோ முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. பி.கே. சேத்தி என்ற எலும்பு டாக்டரும், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து ரப்பரில் வேறு காலைச் செய்தார்கள். டாக்டர்கள் மட்டும் கூடிப் பேசியிருந்தால் ஷூவோடு நின்றிருக்கும். பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. ஆப்பிள் 2014-ல் விட்ட ஹெல்த் ஆப்பில் உடம்பைப் பற்றி என்னென்னவோ குறித்துவைக்கலாம், மாதவிலக்குத் தேதியைக் குறிக்க இடமில்லை. 2015-ல்தான் சேர்த்தார்கள்.

படிக்க என்ன என்று கேட்டீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று போதும். வேலை கிடைத்தவர்களில் பலருக்கு அந்தத் தகவல் நெருங்கிய நண்பர் வழியாக வரவில்லை, எப்போதாவது பார்க்கிற ஆள் வழியாகவே வந்தது என்று காட்டினார். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும் அல்லவா. மற்றதெல்லாம் அப்புறம் படிக்கலாம்.

அந்த அம்மா நன்றாக இருக்கிறது என்றாராமே. தெரிந்த பிள்ளைகள் ஆசையாக வந்து நிற்கும்போது வேறு என்ன சொல்வார்?

பெங்களூர் வேண்டாம். அங்கே உங்களுக்கு இன்னும் நாற்பது நண்பர்கள் கிடைப்பார்கள், அவர்களும் சூப்பர் என்பார்கள். அந்த அம்மாவிடம் போய், ஒரு ராத்திரி கோயம்பேட்டுக்குக் கூட வரலாமா என்று கேளுங்கள். ஆறு பேரும் போய் நிற்காதீர்கள், ஒருத்தர் போதும். திரும்பி வரும்போது மூட்டைகளுக்கு நடுவில்தான் இடம் கிடைக்கும், லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உங்களோடு பேசி அவருடைய வியாபாரம் தாமதமானால் அந்த நாளுக்கு உரிய காசைக் கொடுத்துவிடுங்கள்.