வாசகர் கேள்வி–பதில்: சேன் தெனியில் பயிற்சி மருத்துவர்

கேள்வி: மகள் பிரான்சின் போர்தோவில் ஆறு வருடம் மருத்துவம் முடித்து, வரும் நவம்பரில் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் எந்தேர்னாக, அதாவது பயிற்சி மருத்துவராக, சேருகிறாள். தலைநகர் சேன் தெனியிலேயே ஒரு வருடத்துக்கு வீடு பிடித்துக் கொடுத்துவிடலாமா? — ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. எந்தேர்னுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும். நவம்பர் தொடக்கத்தில் ஒன்று, மே தொடக்கத்தில் ஒன்று. அதிக ஆறுமாதங்களை முடித்தவர்கள்தான் முதலில் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களுக்குள் ரேங்க் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியே இரண்டு ஊரில் இருக்கிறது: வடக்கே சேன் தெனியின் பெல்பியேரில், தெற்கே சேன் பியேரில். நடுவில் 80 கிலோமீட்டருக்கு மேல். சேன் போல், சேன் பெனுவா, ஏன், மயோத் தீவின் மமுத்சுகூட வரலாம்.

24 மணி நேர 'கார்த்' டூட்டி முடித்தால் 11 மணி நேர ஓய்வு கட்டாயம். அந்த ஓய்வில் பாதியைக் காரிலும் நெரிசலிலும் தொலைத்தால், கண் சொருகி வண்டி ஓட்டும் ஆபத்துதான் மிஞ்சும். அதனால் போஸ்டிங் தெரிந்த பிறகே வீடு பாருங்கள். 'பாய் மொபிலிதே' என்ற ஒப்பந்தத்தைக் கேளுங்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு உள்ள வீட்டுக்கு மட்டும், 1 முதல் 10 மாதம் வரை. அட்வான்ஸ் வாங்க வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம்.

வீட்டைக் காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் போங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஜனவரியில் நைட் டூட்டி முடித்தவர் பகலில் தூங்க முடியுமா என்பது அப்போதுதான் தெரியும். பூந்தொட்டித் தட்டு, அடைத்த கூரைப் பீலி, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. கொசு முட்டை ஒரு வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். 2005–06 சிக்குன்குனியாவில் தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படுத்தார்கள்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு அங்கே லீவு உண்டா? — வாசகி, போர்ட் லூயிஸ்

பதில்: பொது விடுமுறை இல்லை. கோயில்களில் காவடி உண்டு. டூட்டிப் பட்டியல் போடும்போதே சொல்லி, வேறொருவரின் கார்த்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது. விரதச் சாப்பாட்டுக்குச் சிரமமில்லை: சோறு, சிலாவோஸ் பருப்பு, முருங்கைக் கீரை எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: நம் மொரீஷியஸில் புயல் எச்சரிக்கை கிளாஸ் 1 முதல் 4 வரை. அங்கே எப்படி? டூட்டியில் மாட்டினால்? — வாசகர், கத்ர் போர்ன்

பதில்: அங்கே நிறங்கள். மஞ்சள் என்றால் முன்னெச்சரிக்கை. ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆபத்து. பள்ளிகள் மூடும், வேலை நடக்கும். சிவப்பை மூன்று மணி நேரத்துக்கு முன் அறிவிப்பார்கள், அதன்பின் யாரும் வெளியே போகக் கூடாது. ஊதா வந்தால் ஆம்புலன்ஸ்கூட நகராது. 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கும், 2025 பிப்ரவரி 28 கரான்ஸ் புயலுக்கும் ஊதா ஏறியது.

சிவப்பு வந்த பின் அடுத்த ஷிப்ட் வர முடியாது. உள்ளே இருப்பவர்களே தொடர வேண்டும். ஆகவே பையை ஆரஞ்சிலேயே கட்டுங்கள்: மூன்று நாள் உள்ளாடை, செருப்பு, பல் துலக்கி, தன் மருந்து, சார்ஜர், பவர் பேங்க், டார்ச், பிஸ்கட், தண்ணீர். வீட்டை விடும்முன் வாளிகளை நிரப்பி, பால்கனிச் சாமான்களை உள்ளே எடுத்து, காரை ஓடைக்கரையிலிருந்து தள்ளி மேட்டில் நிறுத்துங்கள். பலர் தவறுவது எச்சரிக்கை இறங்கிய பிறகுதான். ஓடைகளைக் கடக்கும் தாழ்வான 'ராதியே' சாலையில் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரே காரை இழுத்துப் போய்விடும். காத்திருக்க வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும்.

கேள்வி: நோயாளிகளோடு பேச நம் மொரீஷியஸ் கிரியோல் மொழி போதுமா? — மருத்துவ மாணவர், வாக்வா

பதில்: புரிந்துகொள்வார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'நான்' என்பதற்கு நம் 'மோ' அங்கே 'ம்வேன்'. வயதானவர் 'லெஸ்தொமா' வலிக்கிறது என்றால் வயிறு என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அந்தச் சொல் நெஞ்சையும் குறிக்கும். கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை நெஞ்செலும்பின் மேல் போனால் உடனே இசிஜி எடுங்கள்.